மாசி மணக்குத ஊருக்கு ஒரு சைவ மாப்ளே

"ஜப்பான்காரன் புத்தரைக் கும்பிடுதவன் மாமா, அங்க போயா சைவத்துக்குப் பஞ்சம் வரும்?"னு கேட்டியாம். உங்க அத்தை வந்து சொன்னா. ரொம்ப சந்தோசம் மருமவனே. இவ்வளவு வெள்ளந்தியான புள்ளையை நம்பி ஒரு கம்பெனி மூணு மாசத்துக்கு ஒசாகாவுக்கு அனுப்புதுன்னா, அந்தக் கம்பெனிக்கும் புத்தர்தான் துணை.

நீ சொன்னதுல பாதி நெசம். 675-லயே டென்முங்கிற சக்கரவர்த்தி அங்க ஒரு கட்டளை போட்டிருக்கார். மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி, இந்த அஞ்சையும் திங்கப்பிடாது. அதுவும் வருசம் பூராவும் இல்ல, வெள்ளாமை நடக்குத மாசங்கள்ல மட்டும். பொறவு வந்தவங்களும் இப்படி விட்டு விட்டுக் கட்டளை போட்டாங்க. 1872-ல மெய்ஜி சக்கரவர்த்தியே மாட்டுக்கறி தின்னு காட்டுத வரைக்கும், நாலுகால் பிராணியைத் திங்கது அங்க கௌரவக் கொறச்சல். இப்ப அந்த அஞ்சையும் இன்னொரு தடவ எண்ணிப் பாரு. மீன் எங்க இருக்கு? அந்தப் பட்டியல்ல மீனுக்கு இடமே இல்ல. ஆயிரத்து இருநூறு வருசமா கறியை ஒதுக்கினவன் சோத்துக்கு எதைத் தொட்டுக்கிட்டாம்னு நினைக்கே, கத்திரிக்காய்க் கொத்சா?

சாமர்த்தியக்காரன் அங்கயும் உண்டு. எடோவில, அதான் இப்ப டோக்கியோ, காட்டுப்பன்னிக் கறியை 'மலைத் திமிங்கலம்'னு பலகை எழுதி வித்திருக்கான். திமிங்கலம் அவங்க கணக்குல மீன், மீன் திங்கலாம்லா, அதனால பன்னியும் திங்கலாம். இதைக் கேட்டதும் எனக்கு அந்த ஊர் மேல ஒரு தனிப் பிரியமே வந்துட்டு. சைவத்துல கள்ளக்கணக்கு எழுதுதது நம்ம பாளையங்கோட்டைக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சிருந்தேன். உன் சங்கதிக்குப் பொறவு வாரேன்.

உனக்கு எதிரி கறித்துண்டு இல்ல. அது கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிடலாம். உனக்கு எதிரி தண்ணி. தாஷின்னு ஒரு சாறு. கொம்புங்கிற கடல்பாசியை ஊறவச்சு, கட்சுவோபுஷியைச் சீவிப் போட்டு, வடிச்சு எடுத்தா தாஷி. கட்சுவோபுஷி என்னன்னு முழிக்காதே. சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, கட்டையாக் காயவச்சு எடுக்குதது. நல்ல சரக்குக்குப் பூஞ்சணமும் ஏத்துவான். தச்சன் வச்சிருக்குத இழைப்புளியிலதான் சீவுதான், அவ்வளவு கெட்டி. இதுக்கு உடம்பொறந்தது நம்ம பக்கம் ஒண்ணு இருக்கு மருமவனே: மாசிக் கருவாடு. மாலத்தீவுல இருந்து இலங்கை வரைக்கும் சம்பலுக்கு இடிச்சுப் போடுதாங்கள்லா, அதே சூரை, கிட்டத்தட்ட அதே பக்குவம்.

உங்க அத்தை தூத்துக்குடியில பொறந்து கருவாட்டு மணத்துக்குள்ள நடந்து பள்ளிக்கூடம் போனவ. கோபேயில எங்க மவ வீட்டுக்குப் போயிருந்தப்போ, ஒரு கடையில மிசோ சூப்பைக் கொண்டாந்து வச்சான். மேல தோஃபு மிதக்கு, வெங்காயத்தாள் மிதக்கு, பாக்க அவ்வளவு சைவம். மவ புருசன் "சோயா பயறு சூப்பு அத்தை, குடிங்க"ன்னு உபசாரம் பண்ணுதார். இவ கிண்ணத்தை மூக்குக்கிட்டக் கொண்டு போனா, "மாசி"ன்னா, கீழ வச்சுட்டா. பட்டப்படிப்பு படிச்சு அங்கயே குடியிருக்குத ஆளுக்குத் தெரியாதது, எட்டாங் கிளாசோட நின்னவ மூக்குக்குத் தெரிஞ்சுட்டு. உனக்கு அந்த மூக்கு கிடையாது. அதனால வாயாலதான் கேட்டாகணும்.

எதுலெல்லாம் இந்தத் தண்ணி ஓடுதுன்னு கேளு. மிசோ சூப்புல ஓடுது. உடோன், சோபான்னு நூல்நூலா ஒரு வட்டில் நிறையக் குடுப்பான், அந்தக் குழம்பு பூரா அதுதான். கத்திரிக்காயும் பூசணியும் மாவுல தோச்சுப் பொரிச்சுத் தருவான், டெம்புரா. நீ 'அடடா பஜ்ஜி'ம்பே. தொட்டுக்கிடக் குடுக்க சாறு தாஷி. எண்ணெய், முன்னாடி இறால் பொரிச்ச எண்ணெய். தோஃபு கேட்டா பொரிச்சுத் தாஷிக்குள்ள மிதக்க விடுவான். முட்டையைச் சுருட்டி ஒரு பலகாரம் பண்ணுவான், அதுலயும் ஊத்துவான். கீரையை அவிச்சுப் பிழிஞ்சு வைப்பான், 'கீரைதான'ன்னு கையை நீட்டுவே, அதை ஊறவச்சதே அதுலதான்.

ஒசாகாவைப் பத்தித் தனியாச் சொல்லணும். தின்னே சொத்தை அழிக்குத ஊருன்னு ஜப்பான்காரனே அதுக்குப் பேரு வச்சிருக்கான். தெருவுக்குத் தெரு டகோயாகி, உருண்டை உருண்டையா, உள்ள ஆக்டோபஸ். 'அந்தத் துண்டை எடுத்துட்டுக் குடு'ன்னு நீ சாமர்த்தியம் பேசுவே. எடுத்துருவான். மாவு கரைச்சதே தாஷியிலங்கிறதை அவன் சொல்ல மாட்டான், ஏன்னா நீ கேக்கல. ஒகோனோமியாகின்னு முட்டைக்கோஸ் போட்ட தடிச்ச தோசை ஒண்ணு. கல்லுலயே கொண்டாந்து வைப்பான். மேல மெலிசாச் சீவின சாமான் ஆவியில நெளிஞ்சு ஆடும். 'என்ன அழகா ஆடுது'ன்னு போட்டோ பிடிக்காதே. ஆடுதது மாசி.

இதுல ஒரு வேடிக்கை பாரு. நீ இங்க சைனீஸ் கடையில போய் 'அண்ணே அஜினோமோட்டோ போடாதீங்க'ன்னு ஊருக்குக் கேக்குத மாதிரி சொல்லுதவன். அந்தப் பொடி உனக்கு ஆகாது, விசம். அது கருப்பஞ்சாத்துப் பாகு, மரச்சீனி மாவு இதுகளைப் புளிக்கவச்சு எடுக்குத சாமான், சுத்த சைவம். 1908-ல டோக்கியோவில இகெடாங்கிற வாத்தியார் ஒருத்தர், கொம்புச் சாத்துக்கு எங்க இருந்து இந்த ருசி வருதுன்னு தேடி, அந்த உப்பைப் பிரிச்சு எடுத்தார். அடுத்த வருசமே கடைக்கு வந்துட்டு. சைவப் பொடியைக் கண்டு நடுங்குத ஆளு, மாசித் தண்ணியை 'சூப்பு நல்லாருக்கே'ன்னு ரெண்டு கிண்ணம் குடிக்கப் போறே. போ, போய்க் குடி.

சரி, கோவப்படாதே. விசயத்துக்கு வாரேன். கடைக்காரன்கிட்ட 'இதுல மீன் இருக்கா'ன்னு கேட்டா 'இல்ல'ம்பான். பொய் சொல்லலை அவன். மீன் துண்டு இல்லதான. 'சைவமா'ன்னு கேட்டாலும் ஆமாம்பான், மேல காய்தான கிடக்கு. நீ கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: சாறு எதுல வச்சது? ஜப்பான்னு இல்ல, எந்த ஊருக்குப் போனாலும் அதுதான் கேள்வி. அதைக் கேக்கதுக்கு முன்னால உன்கிட்டயே நீ கேக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. நீ எது வரைக்கும் சைவம்?

முழிக்கே பாத்தியா. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பேக்கரியில நீ முட்டை பப்ஸ் திங்கது எனக்குத் தெரியும். உங்க அம்மைக்குத் தெரியாது, நானும் சொல்லல, சொல்லவும் மாட்டேன், சும்மா ஓர்மைக்கு வச்சிருக்கேன். வீட்டுல முட்டை வாசம் ஆகாது, கேக்குன்னா ஆகும், பப்சுன்னா ரெண்டு. இது நம்ம ஊருல ஓடும். இங்க உன் எல்லைக்கோட்டை உனக்குப் பதிலா ஊரே காவல் காக்கு. கடைப் பலகையில 'சைவம்'னு எழுதியிருக்கு, பொட்டலத்துல பச்சைப் புள்ளி இருக்கு. அங்க காவல் கிடையாது. முட்டை சரியா? இறால் பொரிச்ச எண்ணெய் சரியா? துண்டை ஒதுக்கிட்டுக் குழம்பைத் திம்பியா? மாட்டு எலும்பு, பன்னித் தோல்ல இருந்து எடுக்குத ஜெலட்டின் போட்ட மிட்டாய் சரியா? இத்தாலியில இருந்து வருத பார்மிஜானோ சீஸ் ஒண்ணு இருக்கு, கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுத்த உறையை ஊத்தித்தான் அதைத் திரிக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. பாஸ்தா மேல மழை மாதிரி தூவிக்கிட்டு நீ 'ப்யூர் வெஜ்'னு போட்டோ போட்டது எனக்கும் வந்துது. ஒண்ணொண்ணுக்கும் ஆமா, இல்லன்னு இங்கயே முடிவு பண்ணிட்டுப் போ. ஒசாகாவுல பசியோட நிக்கையில முடிவு பண்ணுத சோலி வேண்டாம். பசியில எடுக்குத முடிவு எல்லாம் பப்சுப் பக்கம்தான் சாயும்.

முடிவு பண்ணினதை ஒரு சீட்டுல எழுது. ஜப்பான் எழுத்துல. 'நான் வெஜிடேரியன்'னு மொட்டையா எழுதாதே, அதை வச்சு அவன் என்ன செய்வான் பாவம். பேர் சொல்லி எழுதணும். ஆடு, மாடு, பன்னி, கோழி, மீன், இறால், கணவாய் ஆகாது. இதுகள்ல வச்ச சாறு, கட்சுவோ தாஷி, பன்னிக் கொழுப்பு ஆகாது. அதுக்குக் கீழ எது ஆகும்னும் எழுது, அதைத்தான் எல்லாரும் விட்டுருதாங்க. கொம்புச் சாறு ஆகும், காளான் சாறு ஆகும், தோஃபு, காய், சோறு, பால் ஆகும். முட்டை எந்தப் பக்கம்னு நீயே எழுதிக்கோ, நான் எட்டிப் பாக்க மாட்டேன். போன்ல மொழிபெயர்த்ததை அப்படியே நம்பாம, உன் கம்பெனி ஜப்பான்காரன் ஒருத்தனை வாசிக்கச் சொல்லித் திருத்திக்கோ. உக்காந்து தண்ணி குடிச்சிட்டு நீட்டாதே, வாசல்லயே நீட்டு. 'முடியாது'ன்னு கையைக் குறுக்கப் போட்டுக் காட்டினான்னா தலையைக் குனிஞ்சு ஒரு கும்பிடு போட்டுட்டு நட. அங்க சமையக்காரன் ஒரு பண்டத்துல அதை எடு, இதைப் போடுன்னு சொன்னா லேசுல மாத்த மாட்டான். நம்ம ஊர்ல சாம்பாரை மாத்து, சட்னியை மாத்துன்னு அதிகாரம் பண்ணுதமே, அந்த வித்தை செல்லாது. நல்ல சாப்பாடு வேணும்னா முந்தின நாளே சொல்லி வைக்கணும். சொல்லி வச்சுட்டா உனக்காகத் தனியாப் பாத்திரம் கழுவி வைக்குத ஆளுகளும் அவங்கதான்.

'மீன் அலர்ஜி'ன்னு மட்டும் பொய் சொல்லிராதே. உன் கூட்டாளி யாரோ அந்த வழி சொல்லிக் குடுத்திருப்பான். கடலை ஆகாதவன், கோதுமை ஆகாதவன் இருக்கானே, அவனுக்கு அது உயிர்ப் பிரச்சினை. சோயா சாசுலயே கோதுமை கிடக்குத நாட்டுல அவன் படுத பாடு உனக்குத் தெரியாது. நீ அலர்ஜின்னா அடுப்படியே பதறும், ஒருவேளை 'எங்களால ஆகாது சாமி'ன்னு உன்னைத் திருப்பியே அனுப்பிருவான். உன்னோடது நோவு இல்ல, பழக்கம். பழக்கம்னே சொல்லு, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

பொட்டலம் வாங்குத வித்தையும் கேட்டுக்கோ. அங்க சட்டப்படி இறால், நண்டு, கோதுமை, முட்டை, பால், கடலை இதெல்லாம் கிடந்தா அட்டையில போட்டாகணும். அந்தப் பட்டியல்ல கட்சுவோ இல்ல. அதனால அலர்ஜிக் கட்டம் சுத்தமா இருக்குன்னு துள்ளாதே, பொடி எழுத்துல இருக்குத சாமான் பட்டியலை வாசி. கட்சுவோங்கிறதை மூணு எழுத்துமுறையிலயும் எழுதுவான், மூணையும் போன்ல படம் பிடிச்சு வச்சுக்கோ. 'எகிசு'ன்னு ஒரு சொல் வரும். கோழி எகிசு, பன்னி எகிசு. பிழிஞ்ச சாறுன்னு அர்த்தம். உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்துலயே அது ஒளிஞ்சிருக்கும்.

தெரு முக்குல ராத்திரியும் பகலும் திறந்து கிடக்கும் கடை, கோன்பினின்னு பேரு, அதுதான் உனக்கு அன்னசத்திரம். உப்பு மட்டும் போட்ட சோத்து உருண்டை இருக்கும், எடு. ஊறுகாய்ப் பழம் வச்சது, கொம்பு வச்சதுன்னா அட்டையை வாசிச்சுட்டு எடு, அதுக்குள்ளயும் மாசி புகுந்திருக்கும். அவிச்ச பச்சை சோயாக்காய் கிடைக்கும், தோஃபு கிடைக்கும், வாழைப்பழம் கிடைக்கும், குளிர்காலம்னா சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும். நட்டோன்னு ஒண்ணு உண்டு, புளிச்ச சோயா பயறு, எடுத்தா நூல்நூலா வரும். மணத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல, நீயே தெரிஞ்சுக்கோ. டப்பாவுக்குள்ள குட்டியா ஒரு சாஸ் பாக்கெட் இருக்கும், அதுல கட்சுவோ சேத்திருப்பான். அதைத் தூரப் போட்டுட்டு உப்புத் தூவித் தின்னு. இனிப்புக்கு நீ தாராளமாக் கையை நீட்டலாம். மோச்சிங்கிறது நம்ம பூரணக் கொழுக்கட்டைக்குப் பங்காளி, உள்ள செம்பயறும் சீனியும். யோகன்னு கட்டியா ஒரு அல்வா, அது கடல்பாசியில இறுக்கினது, ஜெலட்டின் இல்ல. 'தாராளமா'ன்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். உனக்குத்தான் போன மாசம் சர்க்கரை 'லேசா' இருக்குன்னு டாக்டர் சொன்னார்லா. பாத்துட்டு வா.

அந்தச் சர்க்கரையும் சைவமும் சேந்துதான் அங்க ஆளைக் கவுக்கும். எதைப் பாத்தாலும் 'வேண்டாம், வேண்டாம்'னு ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில பன்னு, சோறு, வாழைப்பழம், வறுவல்னு நாலு சாமானுக்குள்ள வந்து நின்னுருவே. மூணுவேளையும் மாவுச்சத்து. சைவமாத்தான் இருப்பே, சர்க்கரை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கும். அதனால தோஃபுவும் சோயாவும் தினம் ஒரு வேளையாவது உள்ள போகணும். மாத்திரையைக் கைப்பையில வை, டாக்டர் சீட்டும் கூட இருக்கட்டும். சீட்டு மருந்து ஒரு மாசத்துக்கு உள்ளதுன்னா கேள்வி இல்ல. நீ மூணு மாசத்துக்கு உள்ளதை அள்ளிட்டுப் போகணும்னா, முன்கூட்டியே அந்த நாட்டு அரசாங்கத்துல விண்ணப்பம் போட்டு அனுமதிக் காகிதம் வாங்கணும். இதை டிக்கெட்டு போட்டுத் தந்தவன் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான், அவன் சோலி டிக்கெட்டோட முடிஞ்சுது.

விமானத்துச் சாப்பாட்டுக்கு ஒரு ரகசியம். 'இந்து சாப்பாடு'ன்னு ஒரு பெட்டி இருக்கும், பேரைப் பாத்து மயங்கி அதுல டிக் அடிக்காதே. மாட்டுக்கறி கிடையாதுன்னுதான் அதுக்கு அர்த்தம். ஆடு, கோழி, மீன் எல்லாம் வரும். உனக்கு வேண்டியது ஏ.வி.எம்.எல். ஏ.வி.எம். ஸ்டுடியோவுக்கு ஒரு எல்லை வச்சுக்கோ, மறக்காது. நம்ம தினுசு மசாலா போட்ட சைவம். வி.ஜி.எம்.எல்.னா பால், தயிர் கூட வராது. வி.எல்.எம்.எல்.ல முட்டை வரும், அது உனக்கு... சரி விடு. குறைஞ்சது ஒரு நாள் முன்னாடியே சொல்லிரணும். ஏறி உக்காந்து பெல்ட் போட்டுட்டு 'எனக்கு வெஜ்'னா, அந்தப் பொண்ணு சிரிச்ச முகத்தோட ஒரு பன்னும் வெண்ணெயும் தரும். சிரிப்புக்குக் குறை இருக்காது.

ஆபீஸ்காரங்க சாயங்காலம் ஒரு நாள் உன்னை விருந்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க. இசகாயான்னு சாராயமும் தீனியும் உள்ள கடை. உக்காந்ததும் நீ கேக்காமலே குட்டிக் கிண்ணத்துல எதையோ கொண்டாந்து வைப்பான். ஓசின்னு நெனைக்காதே, பில்லுல வரும். அதுல மீனும் கிடக்கலாம். மூஞ்சியைச் சுளிக்காம பக்கத்துல இருக்கவன் பக்கம் நைசாத் தள்ளு, அவனுக்கும் சந்தோசம். விருந்துன்னு சொன்ன அன்னைக்கே ஏற்பாடு பண்ணுதவன்கிட்ட உன் சீட்டைக் குடுத்துரு. உனக்காக அவன் நாலு கடைக்குப் போன் போடுவான். அதைப் பெருமையா எடுத்துக்கிட்டு, அன்னைக்கு மேசையில உக்காந்து கொல்லாமையைப் பத்தி லெக்சர் அடிச்சேன்னு வையி, அடுத்த விருந்துக்கு உனக்கு அழைப்பு வராது. வள்ளுவர் குறளை எழுதி வச்சுட்டுப் போனார், அடுத்தவன் வட்டிலை எட்டிப் பாத்து ஒப்பிக்கச் சொல்லல.

நெசமான சைவம் வேணும்னா அங்கயே இருக்கு, உனக்கும் எனக்கும் பாடம் எடுக்குத சைவம். ஒசாகா நம்பா ஸ்டேஷன்ல நான்காய் ரயில் ஏறினா கோயாசான் மலை. குகாய்ங்கிற துறவி 816-ல ராசாகிட்ட அனுமதி வாங்கி மடம் கட்டின மலை. கடைசியில கம்பிவண்டியில ஏறணும். அங்க மடத்துலயே தங்கலாம். ஷோஜின் சாப்பாடு போடுவாங்க: கறி இல்ல, மீன் இல்ல, தாஷி கொம்புலயும் காளான்லயும், வெங்காயம் பூண்டு கூட உள்ள வரப்பிடாது. எள்ளை அரைச்சுக் கிழங்கு மாவுல கிண்டின தோஃபு ஒண்ணு வைப்பான், கரண்டியில எடுத்தா வழுக்கிக்கிட்டுப் போகும். தோஃபுவைப் பனியில உறையவச்சுக் காயப்போட்டு எடுத்தது இன்னொண்ணு. அந்த மலைப் பேரையே அதுக்கு வச்சிருக்கான். எய்ஹெய்ஜி மடத்தைக் கட்டின டோகென், 1237-ல மடத்துச் சமையக்காரனுக்காகவே ஒரு புஸ்தகம் எழுதினார். அரிசி களையுதப்போ மனசு எங்க இருக்கணுங்கிறது வரைக்கும் அதுல இருக்கு. உங்க அத்தைகிட்ட இதைச் சொன்னேன். 'புஸ்தகம் எழுதினவர் அரிசி களைஞ்சாரா'ன்னு கேட்டா. நான் அதுக்கு மேல பேசல. களைஞ்சவர்தான்னு நெனைக்கேன்.

கோயாசான்ல உறைப்பு தேடாதே. ஒரு ராத்திரிக்குப் 10,000 யென்னுக்கு மேல கேப்பாங்க. குடு. மூணு மாசத்துல ஒரு நாளாவது 'இது என்ன, அது என்ன'ன்னு கேக்காம வாயில வைக்கதுக்கு அது விலை. கியோட்டோவுல வெந்நீர்ல தோஃபு போட்டுத் தருத பழைய கடைகள் இருக்கு. தண்ணி கொம்புத் தண்ணிதான், தொட்டுக்கிடுத சாறுதான் சந்தேகம், அதைக் கேட்டுட்டு உக்காரு. கோபேக்கு ஒசாகாவுல இருந்து ரயில்ல அரை மணி. முத்து வியாபாரத்துக்கு வந்த சமணக் குடும்பங்கள் அங்க உண்டு, 1985-ல கிடானோ மேட்டுல பளிங்குக் கோயிலே கட்டியிருக்காங்க. அவங்க இருக்குத ஊர்ல பருப்பும் ரொட்டியும் இல்லாமப் போகுமா? டோக்கியோ போனேன்னா ஸ்டேஷன் கேட்டுக்குள்ளயே டீஸ் டான்டான்னு ஒரு நூடுல்ஸ் கடை, பாலு முட்டை கூடச் சேராது. வரிசை நிக்கும், நில்லு.

நாளைக்குக் கம்பெனி உன்னை வேற ஊருக்கு அனுப்பினாலும் கதை இதுதான், சாமான்தான் மாறும். தாய்லாந்துல மஞ்சத்துணியில சிவப்பா ஒரு சின்னச் சொல் எழுதித் தொங்குத கடையில நுழைஞ்சுக்கோ, அங்க மீன்சாஸ் கிடையாது, பூண்டும் கிடையாது. மத்த கடையில காய் வதக்கல்லயும் அது ஊத்துவான். வியட்நாம்காரன் பௌர்ணமிக்கும் சந்திர மாசத்து முதல் நாளுக்கும் சைவம் திம்பான், நம்ம அமாவாசை விரதக்காரனுக்கு உறவு. அன்னைக்குப் பாத்துப் போய் இறங்கு. அமெரிக்காவுல 'உருளைக்கிழங்கு வறுவல்ல என்ன இருக்கப் போகுது'ன்னு பத்து வருசமாத் தின்னாங்க நம்மாளுங்க. மாட்டுக்கறி மணம் சேத்ததுன்னு 2001-ல வெளிய வந்து, கேஸ் ஆகி, மெக்டொனால்டு மறு வருசம் மன்னிப்பும் கேட்டு 1 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டு. மன்னிப்பு சரி, தின்னது தின்னதுதான.

அடுத்தது உன் பெட்டி. குக்கர் கொண்டு போறதா உங்க அம்மை பெருமையாச் சொன்னா. அங்க கரண்டு 100 வோல்ட்டு. நம்ம 230 வோல்ட்டுக் குக்கரை அதுல சொருகினா அஞ்சுல ஒரு பங்கு சூடுதான் வரும். காலையில வச்ச அரிசி ஆடி அமாவாசைக்குப் பொங்கும். அங்கயே ஒண்ணு வாங்கிக்கோ, குக்கர் பண்ணுததுல அவன்தான் கெட்டிக்காரன். தாளிக்கேன்னு விடுதி ரூம்ல கடுகைப் பொரிச்சுப் புகை மணியை அடிக்க வச்சிராதே. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்காய் ஒண்ணும் வேண்டாம். காய், பழம், இலைக்கெல்லாம் செடிநோய் இல்லங்கிற சர்க்கார் சான்றிதழ் கேப்பான், உன் முருங்கைக்காய்க்கு யாரு தருவா? ஊறுகாயைக் கைப்பையில வைக்காதே, எண்ணெயோட சேத்துப் பிடுங்கிருவான். துபாய் வழியாப் போறவன் யாரும் கேட்டா, குருமாப் பொடியில கசகசா இருக்கான்னு பாத்துக்கச் சொல்லு, அங்க அது போதைச் சரக்கு.

பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, புளிக்காய்ச்சல், மோர்மிளகாய் வத்தல், இது போதும் உனக்கு. அளவாக் கொண்டு போ. அடுப்படியவே தூக்கிட்டுப் போறவனுக்கு ஒசாகாவும் ஒண்ணுதான், ஓட்டப்பிடாரமும் ஒண்ணுதான்.

அளவான்னு சொன்னது உன் சாமானுக்கு. பெட்டியில அஞ்சு கிலோ இடம் காலியா வச்சிரு மருமவனே. கோபேயில இருக்குத எங்க மவளுக்கு உங்க அத்தை அப்பளமும், கூழ்வத்தலும், உளுந்தஞ்சோத்துக்கு எள்ளுப்பொடியும் இடிச்சுக் கட்டி வச்சிருக்கா. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கோ. ஒசாகாவுல இறங்கி அரை மணிதான், கொண்டு குடுத்துட்டு அங்கயே ஒரு வாய் சொதியும் சோறும் தின்னுட்டுப் போ. அந்த வீட்டுல மட்டும் சாறு எதுல வச்சதுன்னு கேட்டுராதே, அவ உங்க அத்தைக்குப் பொறந்தவ.